அபராதம் போட முடியாத கண்காணிப்பு: பிரிட்டனின் கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச், ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. தங்கள் தெருவில் வண்டிகள் கண்மூடித்தனமாகப் பறக்கின்றன என்று கவலைப்படும் ஊர்க்காரர்கள் போலீஸிடம் பயிற்சி பெற்று, வேகம் அளக்கும் கருவியோடு சாலையோரம் நிற்கிறார்கள். வரம்பை மீறும் வண்டியின் எண்ணையும் வேகத்தையும் குறித்துப் போலீஸுக்கு அனுப்புகிறார்கள். பதிவேட்டில் அந்த வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போலீஸ் ஒரு கடிதம் போடும். அவ்வளவுதான். அபராதம் கிடையாது, வழக்கு கிடையாது, ஓட்டுநர் உரிமத்தில் தண்டனைப் புள்ளி ஏறுவதும் கிடையாது.

தண்டனை இல்லாத இந்தக் கண்காணிப்பு எங்கே பலன் தருகிறது, எங்கே வீணாகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீட்வாட்சின் பலம் ஓட்டுநரை மிரட்டுவதில் இல்லை. "இந்தத் தெருவில் எல்லாரும் வேகமாகப் போகிறார்கள்" என்ற முறையீட்டை இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வண்டி, இன்ன வேகம் என்ற பதிவாக மாற்றித் தருவதில் இருக்கிறது. அந்தப் பதிவைக் கையில் வாங்கியவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஏற்பாட்டின் வெற்றியும் தோல்வியும்.

நூறாண்டுக்கு முந்தைய சாலையோர ஆட்கள்

வேக வரம்பு விஷயத்தில் சாலையோரம் நின்ற, போலீஸ் அல்லாத ஆட்கள் பிரிட்டனுக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் முதலில் நின்றவர்கள் எதிர்த் தரப்புக்காக நின்றார்கள். 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைல் என்று வரம்பு வைத்தது. போலீஸார் வேலி மறைவில் ஒளிந்து, இரண்டு குறிகளுக்கு இடையே கார் ஓடும் நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து பிடித்தார்கள். அதிலிருந்து கார்க்காரர்களைக் காப்பாற்றவே 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தொடங்கியது. அதன் ஆட்கள் சைக்கிளில் சுற்றி, முன்னால் போலீஸ் இருக்கிறது என்று எச்சரித்தார்கள். 1910-இல் பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில், வேகமாக வரும் கார்க்காரரை அப்படி எச்சரிப்பது போலீஸின் கடமைக்கு இடையூறு என்று நீதிமன்றம் சொன்னது. உடனே சங்கம் வேறு வழி கண்டது. சங்கத்தின் சின்னம் பொருத்திய காருக்கு ஆள் வணக்கம் வைப்பார். வணக்கம் வைக்கவில்லை என்றால் கார்க்காரர் நிறுத்தி ஏன் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வணக்கம் வைக்காததற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது இல்லையா.

1930-இல் கார்களுக்கான வேக வரம்பே நீக்கப்பட்டது. 1934-இல் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு மார்ச் 18 முதல், கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர், என்ற வரம்பு வந்தது. போக்குவரத்து அமைச்சராக அப்போது இருந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. இங்கிலாந்தின் ஊர்ச் சாலைகளில் பெரும்பாலும் இன்றும் நிலவுவது இந்த 30தான். வேல்ஸ் மட்டும் 2023 செப்டம்பர் 17 முதல் இத்தகைய சாலைகளுக்குப் பொது வரம்பை 20 மைலாகக் குறைத்தது. அதை எதிர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். வரம்பைச் சட்டத்தில் எழுதுவதும் அதை ஊர் ஏற்றுக்கொள்வதும் வேறு வேறு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சாலையோரத்தில் நடப்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 வட்டாரக் காவல் படைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஸ்பீட்வாட்சைத் தன் வழியில் நடத்துகிறது, நுணுக்கங்கள் வேறுபடும். பொதுவான வடிவம் இதுதான்.

நிற்கப்போகும் இடத்தைப் போலீஸ் முதலில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நடைபாதை அகலமா, ஓட்டுநருக்குத் தன்னார்வலர்கள் தெளிவாகத் தெரிவார்களா, வண்டி தடம் புரண்டால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஒளிந்து நிற்கக் கூடாது. பெரும்பாலும் மூன்று பேர் கொண்ட குழு: ஒருவர் கருவியைப் பிடித்து வேகத்தைச் சொல்வார், ஒருவர் வண்டி எண்ணையும் நிறத்தையும் கம்பெனியையும் சொல்வார், ஒருவர் எழுதுவார். ஒரு மணி நேரம் அளவுக்கு நின்று கிளம்பிவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டக் கூடாது, சாலையில் இறங்கக் கூடாது, திட்டினால் பதிலுக்குத் திட்டக் கூடாது. கருவியின் செலவைப் பல இடங்களில் பாரிஷ் கவுன்சில், அதாவது கிராம அளவிலான உள்ளாட்சி, ஏற்கிறது.

எண்ணோடு நிறத்தையும் கம்பெனியையும் ஏன் எழுதுகிறார்கள்? இதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு. எழுதிய எண்ணை ஓட்டுநர், வாகன உரிம முகமையான டிவிஎல்ஏ-வின் பதிவேட்டில் போலீஸ் சரிபார்க்கும். நீல நிற ஃபோர்டு என்று எழுதியிருக்க, அந்த எண் வெள்ளை வேனுடையது என்று பதிவேடு சொன்னால் கடிதம் போகாது. ஒரு எழுத்தைத் தவறாகக் கேட்டதால் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டுக்குப் போலீஸ் கடிதம் போவது இப்படித் தடுக்கப்படுகிறது. கூடவே, போலி நம்பர் பிளேட் மாட்டிய வண்டிகளும் சில நேரம் இதில் சிக்குகின்றன.

பெயரும் முகவரியும் தன்னார்வலருக்குக் கடைசிவரை தெரியாது. வண்டி எண்ணே தனிநபர் தகவல் என்பதால், அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ ஊர்ப் பலகையில் ஒட்டுவதோ தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவதாகிவிடும். இந்தக் கட்டுப்பாடு அவசியம். இல்லையென்றால் கண்காணிப்பு பழிவாங்கலாக மாற ஒரு வாரம் கூட ஆகாது.

அளவு எவ்வளவு நம்பகமானது

"பக்கத்து வீட்டுக்காரர் கையில் ரேடார் கொடுத்தால் சரியாக அளப்பாரா?" என்பது ஓட்டுநர்களின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் பௌதிகத்தில் இருக்கிறது.

ரேடார், தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டுமே அளக்கும். கருவி சாலையின் ஓரத்தில், வண்டியின் பாதைக்குச் சற்றுச் சாய்வாக இருப்பதால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். சாய்வு 10 பாகை என்றால் குறைவு ஒன்றரை விழுக்காடு. 20 பாகை என்றால் 6 விழுக்காடு. 35 மைலில் வரும் வண்டி 33 என்று தெரியும். ஆக, நிற்கும் கோணத்தால் வரும் பிழை எப்போதும் ஓட்டுநர் பக்கம்தான் சாய்கிறது.

அடுத்தது வண்டியிலுள்ள வேகமானி. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐநா விதி 39-இன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது, கூடுதலாகக் காட்டலாம். தன்னார்வலரின் கருவி 35 என்று காட்டும்போது ஓட்டுநரின் முன்னால் உள்ள முள் 35-லோ அதற்கு மேலோ நின்றிருக்கும். "நான் 30-ல்தான் வந்தேன்" என்று சொல்ல இடமில்லை.

இதற்கு மேல் போலீஸ் ஒரு சலுகையும் தருகிறது. தேசியக் காவல் தலைவர்கள் மன்றத்தின் வழிகாட்டுதல்படி வரம்போடு 10 விழுக்காடும் இன்னும் 2 மைலும் கூட்டிய பிறகுதான் நடவடிக்கைக் கோடு: 30 மைல் சாலையில் 35, 20 மைல் சாலையில் 24. ஸ்பீட்வாட்ச் குழுக்களும் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே குறிக்கின்றன. 31-ல் வந்தவரை யாரும் எழுதுவதில்லை.

கவனிக்க வேண்டிய உண்மையான பிழை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்தால் கருவி எதனுடைய வேகத்தைக் காட்டுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சின்னக் காருக்குப் பின்னால் லாரி வந்தால் லாரியின் எதிரொலியே பலமாக இருக்கும். சந்தேகம் வந்தால் எழுதாதே என்பதுதான் பயிற்சியில் சொல்லித்தரும் விதி. நல்ல குழுவை அது எழுதாமல் விட்ட வண்டிகளை வைத்தும் மதிப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

ஐந்து மைலில் என்ன இருக்கிறது

30-க்கும் 35-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தோன்றும். பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ஹைவே கோட், 30 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும் என்கிறது. ஓட்டுநர் சுதாரிப்பதற்குள் 9 மீட்டர் போய்விடும். பிரேக் மிதித்த பிறகு 14. இதே கணக்கில் 35-ல் வரும் காரைப் போட்டுப் பார்த்தேன். முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் இன்னும் சுமார் 20 மைல் வேகத்தோடு கடக்கிறது. 40-ல் வரும் காராக இருந்தால் அதே இடத்தில் கிட்டத்தட்ட 30 மைல் வேகம் மிச்சம் இருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால், முதல் காருக்கு அது பதறிப்போன ஒரு நொடி. மூன்றாவது காருக்கு உயிர்ச் சேதம்.

தெரு அளவில் பார்த்தாலும் இப்படித்தான். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்பலி விபத்துக்கான அபாயம் சுமார் 4 விழுக்காடு கூடும் என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. சுவீடனின் யோரான் நில்சன் முன்வைத்த கணக்கு இதன் அடிப்படை. அதனால்தான் ஸ்பீட்வாட்ச் பெரிதாக எதுவும் சாதிக்க வேண்டியதில்லை. ஒரு தெருவின் சராசரியிலிருந்து ஒன்றிரண்டு மைலை எடுத்துவிட்டாலே போதும், அது சிறிய சாதனை அல்ல.

கடிதம்

கடிதத்தால் தண்டிக்க முடியாததற்குக் காரணம் சட்டத்தின் கறார். பிரிட்டனில் வேகமீறல் வழக்கு நிற்க, அங்கீகரிக்கப்பட்ட வகைக் கருவியோ அதற்கு இணையான உறுதியான சான்றோ வேண்டும். ஒருவர் மட்டும் சாட்சி சொல்லி, "வேகமாகப் போனதாகத் தோன்றியது" என்ற அவர் கருத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 89 சொல்கிறது. போலீஸே பிடித்தால் கதை வேறு: குறைந்தது 100 பவுண்டு அபராதம், 3 புள்ளி, மூன்று ஆண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தால் பொதுவாக உரிமத் தடை. உரிமம் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தாலே உரிமம் ரத்து.

சரி, தண்டிக்காத கடிதத்தை யார் மதிப்பார்கள்? பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள் என்பதுதான் இந்த ஏற்பாடு நிற்கும் அடித்தளம். பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் கணக்குப்படி, தடையில்லாமல் ஓட்டக்கூடிய 30 மைல் சாலைகளில் 2023-இல் 44 விழுக்காடு கார்கள் வரம்பைத் தாண்டின. இத்தனை பேரும் அடாவடிக்காரர்களாக இருக்க முடியாது. பலருக்குத் தாங்கள் மீறுகிறோம் என்ற உணர்வே இல்லை. வேறு நினைப்பில் ஓட்டுகிறார்கள். முன்னால் போகும் வண்டியின் வேகத்தில் போகிறார்கள். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு, தான் போன தெருவின் பெயரும் நேரமும் வேகமும் எழுதிய போலீஸ் கடிதம் வரும்போது அது வேலை செய்கிறது. நிறுத்திக் கேட்கிற ஆள் யாரும் இல்லாமலே கேள்வி கேட்கப்பட்டுவிடுகிறது.

வேறொரு காரணமும் உண்டு. குடியிருப்புத் தெருவில் வேகமாகப் போகிறவர்களில் கணிசமானவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்களே. குழுக்களுக்கு இது சங்கடமான கண்டுபிடிப்பு. வெளியூர் வண்டிகளைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்கிய தெரு, தன் வீட்டு வண்டிகளையே எழுத நேர்கிறது. ஆனால் கடிதத்துக்கு அதிகப் பலன் இருப்பதும் இவர்களிடம்தான், ஏனென்றால் நாளையும் இதே வழியாகத்தான் போக வேண்டும், மேலங்கி போட்டு நிற்பவர் தெரிந்த முகமாக இருக்கலாம்.

கடிதம் தோற்கும் இடங்களும் தெளிவு. கம்பெனி வண்டி, வாடகை வண்டி என்றால் கடிதம் நிறுவனத்துக்குப் போகும். ஓட்டியவர் கைக்கு வருமா என்பது நிறுவனத்தின் அக்கறையைப் பொறுத்தது. அப்புறம், மூன்று கடிதம் வந்தும் கவலைப்படாத சிலர் எந்த ஊரிலும் இருப்பார்கள். இவர்களுக்காகத்தான் அடுத்த படி: மீண்டும் மீண்டும் சிக்கும் வண்டியின் வீட்டுக்குப் போலீஸ் நேரில் போவது, அந்தத் தெருவில் அந்த நேரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கருவியோடு நிற்பது. தன்னார்வலர் பதிவு தண்டிக்காது. ஆனால் எங்கே, எப்போது நின்றால் தண்டிக்கலாம் என்று காட்டிவிடும். போலீஸ் இந்தப் படியை எடுக்காத இடத்தில் ஓட்டுநர்களுக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தன்னார்வலர்களுக்கும்தான். ஒரு குழு கலைவதற்கு ஹாரனையும் கெட்ட சைகையையும்விட இதுதான் பெரிய காரணம்: தாங்கள் அனுப்பியது எங்கே போனது என்று யாரும் திருப்பிச் சொல்லாதது.

எண்கள் சொல்லாதவை

ஸ்பீட்வாட்ச் குழுவின் தாளை வைத்துக்கொண்டு "இந்தத் தெருவில் இவ்வளவு மீறல்" என்று சொல்வது தவறு. மஞ்சள் மேலங்கியைத் தூரத்தில் பார்த்ததுமே கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. எழுதப்பட்டவர்கள் பார்த்தும் குறைக்காதவர்கள் அல்லது பார்க்கவே இல்லாதவர்கள். இரவு இல்லை, மழை இல்லை, விடிகாலை இல்லை. கண்ணுக்குத் தெரியும் கண்காணிப்பு எதுவானாலும் அதன் பலன் இடத்தால் சில நூறு மீட்டரும் காலத்தால் சில நாளுமாகத் தேய்ந்துபோகிறது.

ஆகவே பலனை அளக்க வேறு கருவி வேண்டும். சாலையின் குறுக்கே போடும் காற்றுக் குழாயோ, கம்பத்தில் கட்டும் சிறு ரேடார் பெட்டியோ, ஒரு வாரம் இரவும் பகலும் எல்லா வண்டியையும் எண்ணிவிடும். குழு நிற்கத் தொடங்கும் முன் ஒன்று, நிற்கும் காலத்தில் ஒன்று, நிறுத்திய சில மாதம் கழித்து ஒன்று; கூடவே குழு நிற்காத ஒரு தெருவிலும் இதே மூன்று. ஒப்பிடத் தெரு இல்லாமல் கிடைக்கும் "முன்னேற்றத்தை" நான் நம்பமாட்டேன். மிக மோசமான மாதத்தில்தான் ஊர் கொதித்தெழுந்து குழு அமைக்கும்; அடுத்த மாதம் தானாகவே சற்றுக் குறைந்திருக்கும்.

இந்த அளவீடு சில நேரம் வேறொன்றையும் காட்டுகிறது. எல்லாரும் 50-ல் பறக்கிறார்கள் என்று நம்பிய தெருவில் சராசரி 28 என்று வரும். குறுகிய நடைபாதையில் நிற்பவருக்கு, கையெட்டும் தூரத்தில் இரைச்சலோடு போகும் வண்டி இருமடங்கு வேகமாகத் தெரியும். அங்கே பயம் உண்மை, வேகம் உண்மையில்லை. தேவை நடைபாதையும் கடக்கும் இடமும், கடிதம் அல்ல. இந்த முடிவை ஊர்க்காரர்கள் போலீஸ் வாயால் கேட்டால் ஏற்கமாட்டார்கள். தாங்களே ரேடாரைப் பிடித்து இருபது வண்டி பார்த்துவிட்டால் ஏற்பார்கள். ஸ்பீட்வாட்சுக்கு இந்த ஒரு பலன் மட்டும் இருந்தாலும் அதை ஆதரிப்பேன்.

லண்டனின் வடிவம்

லண்டனில் மெட்ரோபாலிட்டன் போலீஸும் நகரப் போக்குவரத்து அமைப்பும் சேர்ந்து நடத்தும் கம்யூனிட்டி ரோட்வாட்சில், ஊர்க்காரர்களோடு காவலர்களும் நிற்கிறார்கள். அதன் இன்னொரு கிளை ஜூனியர் ரோட்வாட்ச். பள்ளிக்கு அருகே வேகமாக வந்தவரைக் காவலர் நிறுத்துவார். அபராதத்துக்குப் பதிலாக அவர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம் வந்து, ஏன் வேகமாக வந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "அவசரம்" என்று சொல்வது எளிதல்ல. கடிதம் மறைமுகமாகச் செய்ய முயல்வதை இது நேருக்கு நேர் செய்கிறது. காவலர் நேரம் வேண்டும் என்பதால் எல்லாத் தெருவுக்கும் இது எட்டாது.

அடுத்து யார் கையில்

ஓராண்டு நின்ற பிறகும் ஒரு தெருவில் அதே அளவு வண்டிகள் சிக்கினால், பிரச்சினை ஓட்டுநர்களிடம் மட்டும் இல்லை. நேராக, அகலமாக, வளைவில்லாமல் கிடக்கும் சாலை வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பலகையில் 30 என்று எழுதியிருப்பதை அது பொருட்படுத்தாது. அங்கே வேகத்தடையும் குறுக்கப்பட்ட பாதையும் உயர்த்தப்பட்ட கடப்பிடமும்தான் இரவிலும் மழையிலும் வேலை செய்யும். 20 மைல் வரம்பைப் பலகை மட்டும் வைத்துக் கொண்டுவருவது, சராசரி ஏற்கெனவே 24 மைலோ அதற்குக் குறைவாகவோ உள்ள சாலைக்கே பொருந்தும் என்று போக்குவரத்துத் துறையின் 2013 வழிகாட்டுதலும் சொன்னது.

அதனால் குழு தன் ஆண்டு அறிக்கையில் எத்தனை கடிதம் போனது என்று எழுதிப் பெருமைப்படுவதை நான் விரும்பவில்லை. போலீஸிடம் கேட்க வேண்டியவை வேறு: கடிதம் பெற்றவர்களில் எத்தனை வண்டி இரண்டாம் முறை சிக்கியது, மூன்றாம் முறை சிக்கியவர்களின் வீட்டுக்கு யாராவது போனார்களா, எங்கள் பதிவைப் பார்த்து எத்தனை முறை இங்கே நீங்கள் நின்றீர்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். உள்ளாட்சியிடம் கேட்க வேண்டியது ஒரு வார ரேடார் பெட்டியும் அதன் முழு அட்டவணையும். இரண்டும் வந்துவிட்டால், வேகத்தடை கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் தாள்களையும் அந்த அட்டவணையையும் சேர்த்து இணைக்கலாம்.